க்ளாஸ் வீட்டுக்கு வந்துச்சு... காலேஜ் வந்துச்சா?

செல்போனில் பாடம், வாட்ஸ்அப்பில் அசைன்மென்ட், மொட்டை மாடியில் செமஸ்டர்... 'அதெல்லாம் கொரோனாவோட போன கதையாச்சே, இப்ப எதுக்கு?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் டிகிரியில் ஒரு பங்கு இன்றைக்கும் ஆன்லைனில் ஓடலாம். நாளைக்கு அந்தப் பங்கு இன்னும் கூடலாம். அதனால் அந்தக் கதையை ஒருமுறை ரீவைண்ட் பண்ணிப் பார்த்துவிடலாம், வாங்க!

சாத்தூர் பஸ் நின்ன கதை

உங்க ஊர் இருக்கன்குடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் அர்ச்சுனா நதி, இன்னொரு பக்கம் வைப்பாறு, நடுவில் மாரியம்மன். ஆடிக் கடைசி வெள்ளி வந்தால் அக்னிச்சட்டியும் காவடியுமாக லட்சக்கணக்கில் ஜனம் கூடும் ஊர். மற்ற நாட்களில்? காலையில் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு சாத்தூர் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். சாத்தூரிலேயே காலேஜ் இருக்கிறது. அங்கிருந்து பஸ் மாறினால் சிவகாசி, விருதுநகர். வியாபாரிகளும் பட்டாசு, தீப்பெட்டி முதலாளிகளும் சேர்ந்து கட்டிய கல்லூரிகள் நிறைந்த பூமி இது. விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947-ல் வந்தது. சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963-ல். ஒரு பட்டாசுக் கம்பெனியின் பெயரையே முன்னால் வைத்திருக்கும் ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரி 1968-ல்.

2020 மார்ச் 17 முதல் இந்தக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் பூட்டு. மார்ச் 25 முதல் நாடே பூட்டு. பஸ் ஜூன் மாதம் கொஞ்ச நாள் பாதி ஆட்களோடு ஓடியது. ஜூலையில் மறுபடி நின்றது. செப்டம்பர் 1 அன்றுதான் மாவட்டத்துக்குள் மறுபடி ஓட ஆரம்பித்தது. பெரிய கோயில்கள் பக்தர்களுக்குத் திறந்ததும் அதே நாளில்தான். அதாவது, அந்த வருஷ ஆடி வெள்ளிகள் கூட்டமே இல்லாமல் போய்விட்டன.

ஆனால் காலேஜ் மட்டும் அதோடு திறக்கவில்லை. இறுதியாண்டு மாணவர்களுக்கு 2020 டிசம்பர் 7, மற்றவர்களுக்கு 2021 பிப்ரவரி 8. 'அப்பாடா' என்று உட்கார்வதற்குள் மார்ச்சில் மறுபடி மூடல். பிறகு 2021 செப்டம்பர் 1-ல்தான் வகுப்பறை திறந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2020-ல் பி.ஏ. சேர்ந்த ஒருத்தர் முதல் வருஷத்தில் வகுப்பறையில் உட்கார்ந்தது சில வாரங்கள்தான். ஃப்ரெஷர்ஸ் டே கிடையாது, கேன்டீன் கிடையாது. பக்கத்து பெஞ்சு நண்பனின் முகத்தை முதலில் பார்த்ததே வாட்ஸ்அப் டி.பி.யில்தான்!

அவசரத்துக்கு இடம் மாறின பாடம்

ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்கு டிகிரி சொல்லிக் கொடுப்பது நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்லை. மதுரை காமராஜர் பல்கலைக்கழகம் 1971-லேயே 'தபால் வழிக் கல்வி' ஆரம்பித்துவிட்டது. மில் வேலை, ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டே பி.ஏ. முடித்த சித்தப்பாக்களும் அத்தைகளும் உங்கள் குடும்பத்திலும் இருப்பார்கள். கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

அதற்கும் 2020-ல் நடந்ததற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தபாலில் வந்த பாடம், 'இதைப் படிக்கிறவர் எதிரே இருக்க மாட்டார், தனியாகத்தான் படிப்பார்' என்று தெரிந்தே எழுதப்பட்டது. கேள்வி எங்கே வரும், எந்த இடத்தில் உதாரணம் வேண்டும் என்று யோசித்துப் புத்தகம் போட்டார்கள். நடுவில் நேரடி வகுப்பும் வைத்தார்கள். 2020-ல் அதற்கெல்லாம் யாருக்கும் அவகாசம் இல்லை. எதிரே அறுபது முகம் இருக்கும் என்று நினைத்து வருஷக்கணக்காக நடத்திய லெக்சரை அப்படியே தூக்கி கேமரா முன்னால் வைத்தார்கள். ஜூமில் இலவசம் 40 நிமிடம் மட்டுமே. டெரிடாவோ டெபிட்-கிரெடிட்டோ, பாதியில் 'கட்'! 2020 மே மாதம் கூகுள் மீட் எல்லாருக்கும் இலவசம் என்றானதும் பலரும் அங்கே குடிபோனார்கள்.

பேராசிரியர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை பாஸ். வகுப்பறையில் ஒருத்தன் புருவத்தைச் சுருக்கினாலே 'புரியலைபோல' என்று திரும்பச் சொல்கிறவர்கள் அவர்கள். ஆன்லைனில் அவர்கள் பார்த்தது அறுபது கறுப்புக் கட்டங்களை. 'கேக்குதா... யாராச்சும் கேக்குதுன்னு சொல்லுங்கப்பா' என்று காலியிடத்தைப் பார்த்துப் பேசிய வருஷம் அது. இதில் சுயநிதிக் கல்லூரிகள் பலவற்றில் சம்பளத்திலும் கை வைத்தார்கள்.

லேப் கதை இன்னும் மோசம். கெமிஸ்ட்ரி படிப்பவர்களுக்குத் தெரியும். டைட்ரேஷனில் ப்யூரெட்டைத் திருகும்போது, ஒரு சொட்டு முன்னால் நிறமில்லை, ஒரு சொட்டு பின்னால் பிங்க். அந்த ஒரு சொட்டுதான் பாடம். அது விரலுக்குப் பழக வேண்டியது. வீடியோவில் வேறு யாரோ திருகுவதைப் பார்த்து ரெக்கார்டு நோட் எழுதலாம். மருந்தையும் எடையையும் நம்பித் தொழில் நடக்கிற பட்டாசு பூமியில், விரல் பழகாத கெமிஸ்ட்ரி டிகிரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

2 ஜிபி வந்துச்சு, ஆனா...

2021 ஜனவரியில் தமிழக அரசு ஒரு அறிவிப்பு வெளியிட்டது. ஆன்லைனில் படிக்கும் 9,69,047 கல்லூரி மாணவர்களுக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை தினமும் 2 ஜிபி டேட்டா இலவசம். நல்ல உதவிதான். ஆனால் அதற்குள் கல்லூரிகள் மூடிப் பத்து மாதம் ஓடிவிட்டது. அதுவரை ரீசார்ஜ் பண்ணியது யார்? வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த அப்பா!

டேட்டா இருந்தால் மட்டும் போதுமா? மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017-18-ல் எடுத்த கணக்கின்படி, இந்தியக் கிராமப்புற வீடுகளில் கம்ப்யூட்டர் இருந்தது வெறும் 4.4 சதவீதத்தில். இன்டர்நெட் வசதி 14.9 சதவீதத்தில். நம் மாநிலத்தில் பிளஸ் டூவில் கொடுத்த விலையில்லா லேப்டாப் பலர் கையில் இருந்ததால் கொஞ்சம் தேவலை. ஆனாலும் பெரும்பாலானோருக்கு ஒரே ஸ்மார்ட்போன்தான். அதில் தம்பிக்கு ஒன்பதாம் வகுப்பு, அக்காவுக்கு பி.காம்., சாயங்காலம் அப்பாவுக்கு போன் கால். யாருக்கு எப்போது என்று வீட்டுக்குள்ளேயே ஒரு டைம்டேபிள் போட வேண்டியிருந்தது.

ஐந்தங்குல ஸ்க்ரீனில் அஞ்சு மணி நேரம் எக்ஸெல் ஷீட்டைப் பார்த்தால் கண் என்ன ஆகும்? கண் நோய் தீர வேண்டிக்கொண்டு வரும் பக்தர்களுக்குப் பேர் போன அம்மன் நம்ம இருக்கன்குடி ஆத்தா. அந்த வருஷம் அவளிடம் வேண்டிக்கொள்ளக்கூடக் கோயில் திறந்திருக்கவில்லை!

'போனைத்தானே பாக்குற... இதையும் செய்!'

இதெல்லாம் எல்லா ஊருக்கும் பொதுவான கதை. நம்ம பக்கத்துக்கே உரிய கதை ஒன்று இருக்கிறது. அதைத்தான் நிறைய பேர் கணக்கில் எடுக்கவே இல்லை.

காலை எட்டு மணிக்கு பஸ் ஏறிவிட்டால் சாயங்காலம் வரை உங்களை வீட்டில் யாரும் எதற்கும் கூப்பிட முடியாது. 'காலேஜுக்குப் போயிருக்கா' என்ற ஒரே வார்த்தை போதும். அம்மா கேட்க மாட்டார், பாட்டி கேட்க மாட்டார், பக்கத்து வீட்டு மதினியும் கேட்க மாட்டார். அந்த எட்டு மணி நேரம் உங்களுடையது. புத்தகம் படிக்கலாம், லைப்ரரியில் தூங்கலாம், தோழியோடு கடலை மிட்டாய் தின்றுகொண்டு எதிர்காலத்தைப் பேசலாம். இது சிலபஸில் எங்கேயும் எழுதியிருக்காது. ஆனால் காலேஜ் நமக்குக் கொடுத்ததில் பாதி அதுதான்.

க்ளாஸ் வீட்டுக்கு வந்தபோது அந்த எட்டு மணி நேரம் காணாமல் போனது. 'ஏ புள்ள, போனைத்தானே பாத்துக்கிட்டு இருக்க... அப்படியே இந்தக் குழாயையும் உருட்டு!' வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுவது, தீப்பெட்டி ஒட்டுவது, காலண்டர் சீசனில் அட்டை வேலை என்று வீட்டில் வைத்துச் செய்யும் வேலைக்கு இங்கே பஞ்சமே இல்லை. எண்ணிக்கைக்குத்தான் கூலி. லாக்டவுனில் வருமானம் நின்றுபோன வீட்டில் ஒரு ஜோடிக் கை சும்மா இருந்தால் யாருக்குத்தான் உறுத்தாது? காதில் இயர்போன், கையில் பசை. 'ப்ரசென்ட் மிஸ்' சொன்னவர்களில் எத்தனை பேர் பாடம் கேட்டார்கள் என்று எந்த அட்டெண்டன்ஸும் சொல்லாது.

பெண் பிள்ளைகளுக்கு இதில் டபுள் டூட்டி. சமையல், தண்ணீர், தம்பி தங்கைகளின் ஆன்லைன் க்ளாஸுக்கு மானிட்டர் வேலை. வீட்டிலேயே இருக்கிற பெண்ணைப் பார்த்ததும் சொந்தக்காரர்களுக்கு ஜாதகம் ஞாபகம் வரும். பையன்களுக்கோ, 'சும்மாதானே இருக்க, மாமாகூட வேலைக்குப் போயிட்டு வா'. முதலில் ஒரு வாரம், அப்புறம் ஒரு மாதம். கையில் காசு வந்துவிட்டால் செமஸ்டர் ஃபீஸ் கட்டத் திரும்பி வருவது லேசுப்பட்ட காரியமா?

'வேலைக்குப் போறது தப்பா?' என்று கேட்காதீர்கள். தப்பே இல்லை. ஆனால் இந்த மண்ணில் வேலை என்றால் என்ன என்பதையும் மறக்கக் கூடாது. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். முதலாம், இரண்டாம் ஆண்டுக்காரர்களுக்கு வகுப்பறை திறந்து அன்றைக்கு நாலு நாள்தான் ஆகியிருந்தது. 'நம்ம பிள்ளை இந்த மருந்து நெடியை விட்டு வெளிய போயிறணும்' என்று ஒவ்வொரு வீட்டிலும் அப்பா, அம்மா சொல்வது ஏன் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. காலேஜ் பஸ் என்பது அந்த வெளியே போகும் வழி.

பாஸ் பண்ணியும் பல்பு

பாடத்தைத்தான் அப்படி நடத்தினார்கள். பரீட்சை? அது தனி காமெடி, கொஞ்சம் சோகம் கலந்தது.

2020 ஆகஸ்ட் 26-ல் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, இறுதி செமஸ்டர் தவிர, தேர்வுக் கட்டணம் கட்டிய அரியர்களுக்கு எல்லாம் விலக்கு என்று அறிவித்தார். ஊரெல்லாம் பேனர்! ஏ.ஐ.சி.டி.இ. அதை ஏற்கவில்லை, விவகாரம் ஹைகோர்ட் வரை போனது. அண்ணா பல்கலைக்கழகம் 2021 பிப்ரவரியில் நடத்திய ஆன்லைன் தேர்வில் கேமரா வழியாக கம்ப்யூட்டரே சூப்பர்வைசர். முகம் திரும்பினால் வார்னிங். ரிசல்ட் வந்தபோது ஏகப்பட்ட பேருக்கு ஃபெயில் அல்லது 'நிறுத்தி வைப்பு'. பின்னால் வந்த உயர்கல்வித்துறை அமைச்சர் பொன்முடி மறுதேர்வு அறிவிக்க வேண்டியதாயிற்று. பல பல்கலைக்கழகங்களில் வீட்டிலேயே ஏ-4 தாளில் எழுதி ஸ்கேன் செய்து அனுப்பு, சிக்னல் இல்லையா, ஸ்பீடு போஸ்ட்டில் போடு என்றார்கள். 2022 பிப்ரவரியிலும் செமஸ்டர் தேர்வு ஆன்லைனில்தான்.

மார்க் வந்தது. மரியாதை வந்ததா? 2021 ஆகஸ்டில் மதுரையில் ஆள் எடுக்க ஒரு தனியார் வங்கி பேப்பரில் விளம்பரம் கொடுத்தது. '2021-ல் முடித்தவர்கள் விண்ணப்பிக்கத் தகுதியில்லை' என்று அதில் ஒரு வரி! தமிழ்நாடே கொதித்ததும், அது அச்சுப் பிழை என்று வங்கி விளக்கம் கொடுத்தது. பிழை சரி. ஆனால் அந்த வரியைப் படித்த எல்லாரும் அதை உடனே நம்பினார்கள் பாருங்கள், அதுதான் வலி. 'ஆன்லைன் பேட்ச்' என்ற முத்திரையை அந்தப் பிள்ளைகள் கேட்டு வாங்கவில்லை.

அப்போ ஆன்லைனே வேஸ்ட்டா?

இல்லவே இல்லை. வகுப்பில் வாயே திறக்காத மாணவி சாட் பாக்ஸில் தைரியமாகச் சந்தேகம் கேட்டதும் அதே வருஷத்தில்தான். புரியாத இடத்தை ரிவைண்ட் பண்ணிக் கேட்கும் வசதி எந்த பெஞ்சிலும் கிடையாது. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யும் சேர்ந்து 2003-ல் ஆரம்பித்த என்.பி.டி.இ.எல். வீடியோக்களை இருக்கன்குடியில் உட்கார்ந்தே பார்க்கலாம், அதுவும் இலவசமாக.

இன்னொரு உதாரணம். அதே லாக்டவுனுக்குள், 2020 ஜூன் 30 அன்று, ஐ.ஐ.டி. மெட்ராஸ் ப்ரோக்ராமிங் மற்றும் டேட்டா சயின்ஸில் ஆன்லைன் டிகிரி தொடங்கியது. ஜே.இ.இ. தேவையில்லை. நாலு வாரம் பாடம் படித்து, தகுதித் தேர்வில் தேறினால் உள்ளே போகலாம். வருமானத்தைப் பொறுத்து 75 சதவீதம் வரை கட்டணச் சலுகையும் உண்டு. அங்கே எல்லாம் முதலிலிருந்தே ஆன்லைனுக்காக யோசித்துச் செய்தது. சின்னச் சின்ன வீடியோ, வாராவாரம் முடிக்க வேண்டிய அசைன்மென்ட், சந்தேகம் கேட்கத் தனி நேரம். முக்கியமாக, தேர்வுக்கு நேரில் சென்டருக்குப் போய் உட்கார வேண்டும். அதனால் அந்த மார்க்கை யாரும் சந்தேகப்படுவதில்லை.

ஆக, பிரச்னை ஆன்லைனில் இல்லை. லெக்சரை மட்டும் மாற்றிவிட்டு, 'காலேஜையே மாத்தியாச்சு' என்று நினைத்துக்கொண்டதில் இருக்கிறது. காலேஜ் என்பது பாடத்தோடு சேர்ந்து வரும் ஒரு இடம், ஒரு நேரம், நாலு மனிதர்கள். அந்த மூன்றும் கூடவே வரவில்லை என்றால் ஆன்லைன் கோர்ஸ் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டும்தான் வேலை செய்யும். தனி ரூம் இருக்கிறவனுக்கு அது காலேஜ். ஒரே அறை வீட்டில் குழாய் உருட்டுகிறவளுக்கு அது இன்னொரு சத்தம்.

இப்ப ஏன் இது முக்கியம்?

2021-ல் வந்த யு.ஜி.சி. விதிப்படி, ஒரு செமஸ்டரில் 40 சதவீதம் வரையிலான பாடங்களை மத்திய அரசின் 'ஸ்வயம்' தளத்தில் ஆன்லைனிலேயே படித்து கிரெடிட் வாங்கலாம். கல்லூரிகள் அனுமதிக்க வேண்டும், அவ்வளவுதான். தமிழக அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்திலும் ஆன்லைன் பயிற்சிகள் உண்டு. 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் தரப்படும் என்று 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். எல்லாம் நல்ல விஷயம்தான். ஆனால் 'லேப்டாப் இருக்குல்ல, வீட்டுக்குப் போய் பாத்துக்கோ' என்று ஒரு பேப்பரை யாராவது தள்ளிவிட்டால், 2020 மறுபடி வந்துவிடும். இந்த முறை கொரோனா இல்லாமலே!

தீர்வு ஒன்றும் ராக்கெட் சயின்ஸ் இல்லை. ஆன்லைன் பேப்பரையும் டைம்டேபிளில் போடச் சொல்லுங்கள். அந்த நேரத்துக்கு கம்ப்யூட்டர் லேப் திறந்திருக்கட்டும். பாடம் டெல்லியிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரட்டும், பக்கத்தில் சந்தேகம் தீர்க்க நம்ம டிபார்ட்மென்ட் ஆசிரியர் ஒருவர் இருக்கட்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பஸ் இருக்கிறது, காலேஜ் இருக்கிறது. ஆன்லைன் கோர்ஸை காலேஜிலேயே உட்கார்ந்து படித்தால் அந்த எட்டு மணி நேரம் உங்களிடமே இருக்கும்.

ஆன்லைன் கோர்ஸ் சேரப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

1. அங்கீகாரம்: முழு டிகிரி என்றால், யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். விளம்பரத்தில் நடிகர் சிரிப்பதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

2. எல்லாமே ஆன்லைனில் கிடையாது: இன்ஜினீயரிங், மருத்துவம், நர்சிங், சட்டம் போன்றவற்றை முழுக்க ஆன்லைன் டிகிரியாக நடத்த யு.ஜி.சி. விதி இடம் தரவில்லை. 'வீட்டிலிருந்தே நர்சிங் டிகிரி' என்று யாராவது சொன்னால் ஓடி வந்துவிடுங்கள்.

3. தேர்வு எங்கே: நேரில் எழுதும் தேர்வு இருக்கும் கோர்ஸுக்கு மதிப்பு அதிகம். ஸ்வயத்தில் பாடம் இலவசம், சர்டிஃபிகேட் வேண்டுமென்றால் கட்டணம் கட்டி சென்டரில் தேர்வு எழுத வேண்டும்.

4. கிரெடிட்: சேருவதற்கு முன்பே, 'இது என் மார்க் ஷீட்டில் ஏறுமா?' என்று கல்லூரியில் கேட்டு உறுதி செய்யுங்கள். முடித்த பிறகு கேட்டால் பல்பு வாங்குவீர்கள்.

5. ஜோடி: ஒரே கோர்ஸில் இரண்டு மூன்று நண்பர்களாகச் சேருங்கள். தனியாகச் சேர்ந்தால் மூன்றாவது வாரத்தில் வீடியோ தூங்கும். கூட ஆள் இருந்தால் 'நீ முடிச்சிட்டியா?' என்ற ஒரு கேள்வியே உங்களை எழுப்பிவிடும்.

6. நேரம்: வீட்டில்தான் படிக்க வேண்டும் என்றால், 'சாயங்காலம் ஆறுலருந்து எட்டு வரை எனக்கு காலேஜ்' என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு வீடியோவைக் காட்டுங்கள். போனில் விளையாடவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டால், உங்களுக்காக அவரே மற்றவர்களிடம் சண்டை போடுவார்.

அடுத்த செமஸ்டரில் ஒரு பேப்பர் ஆன்லைன் என்று நோட்டீஸ் போர்டில் பார்த்தால் 'ஹையா, ஜாலி' என்று துள்ளுவதற்கு முன், நாலு பேராகச் சேர்ந்து ஹெச்.ஓ.டி. ரூமுக்குப் போங்கள். 'சார், இந்த பேப்பருக்கு எந்த ரூம், எந்த ஹவர், சந்தேகம்னா யாரைப் பாக்கணும்?' என்று பணிவாகக் கேளுங்கள். பதில் வரும்வரை இடத்தைவிட்டு நகராதீர்கள்!